இரண்டாம் சனி, நான்காம் சனி, நடுவில் கரூர்

கேள்வி: இருவரும் சம்மதித்து விவாகரத்து வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. எட்டு வயது மகள் என்னிடம் இருக்கிறாள். மாதத்தின் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் காலை 10 மணி முதல் மாலை 6 மணி வரை அவளுடைய அப்பா அழைத்துப் போகலாம் என்பது கோர்ட் உத்தரவு. கொஞ்ச நாளாக அவளைக் கரூரில் உள்ள தன் அம்மா வீட்டுக்குக் கூட்டிப் போகிறார். திரும்பக் கொண்டுவந்து விட இரவு எட்டரை ஆகிறது. அங்கே போனதும் குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிட்டுக் கடைக்குப் போய்விடுகிறாராம். கேட்டால், “எங்கே கூட்டிப் போகணும்னு உத்தரவுல இல்லையே” என்கிறார். தினமும் இரவு போன் வேறு. தீபாவளிக்கு மூன்று நாள் அனுப்பு என்கிறார். இரண்டு மாத ஜீவனாம்சமும் பாக்கி. இனி அனுப்ப முடியாது என்று சொல்லிவிடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: சொல்லாதீர்கள். உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் அனுப்ப மறுக்கும் அந்த முதல் சனிக்கிழமையே, உத்தரவை மீறியவர் என்ற பெயர் அவரிடமிருந்து உங்களுக்கு மாறிவிடும். உத்தரவை நிறைவேற்றித் தரச் சொல்லி அவர் மனுப் போடலாம், நீதிமன்ற அவமதிப்பு வழக்கு வரைக்கும் போகலாம். அப்போது அந்த எட்டரை மணியைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். உங்களைத்தான் கேள்வி கேட்பார்கள்.

நீங்கள் கடிதத்தோடு அனுப்பிய உத்தரவின் நகலைப் படித்தேன். குழந்தையைப் பார்க்கும் விஷயத்துக்கு அதில் ஒதுக்கியிருப்பது நாலே வரி. நகை, பாத்திரம், சீர் சாமான் பட்டியல் ஒரு பக்கத்துக்கு மேல் போகிறது! பரஸ்பர சம்மதத்தில் பிரிகிறவர்கள் பலர் இப்படித்தான் செய்கிறார்கள். எப்படியாவது முடிந்தால் போதும் என்ற அவசரத்தில், குழந்தையை எங்கே ஒப்படைப்பது, வெளியூர் கூட்டிப் போகலாமா, பண்டிகைக்கு யாரிடம் இருக்கும் என்பதையெல்லாம் எழுதாமலே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். எழுதாத இடத்தை இப்போது அவர் தன் வசதிக்கு நிரப்புகிறார், நீங்கள் உங்கள் வசதிக்கு நிரப்பப் பார்க்கிறீர்கள். அந்த வேலை நீதிமன்றத்துடையது.

உங்கள் புகார்களை ஒரே மூட்டையாகக் கட்டாமல் பிரித்துப் பாருங்கள். 6 மணி என்று எழுதியிருக்க எட்டரைக்குக் கொண்டுவந்து விடுவது அப்பட்டமான மீறல். ஆனால் கரூர் மீறல் இல்லை. உத்தரவு ஊரைச் சொல்லவில்லை என்று அவர் சொல்வது சரிதான். போகவர எப்படியும் மூன்று மணி நேரத்துக்கு மேல் போய்விடுகிறதே என்பது வேறு விஷயம். கிடைக்கிற எட்டு மணி நேரத்தில் கிட்டத்தட்ட பாதியைக் குழந்தை காரிலேயே கழிப்பது நல்லதில்லை என்று நீங்கள் கோர்ட்டில் சொல்லலாம், எடுபடும்.

பாட்டி விஷயத்தில் நான் உங்கள் பக்கம் இல்லை. அப்பாயி தலைவாரிப் பூ வைத்து அனுப்பியதாக எழுதியிருக்கிறீர்கள், அதையும் ஒரு குற்றச்சாட்டாகவே. விவாகரத்து உங்கள் இருவருக்கும்தான். குழந்தைக்கு அவர் இன்னும் அப்பாயிதான். அப்பா கூட இருக்க வேண்டிய நேரத்தில் கடைக்குப் போய்விடுகிறார் என்பது மட்டும் நியாயமான குறை. அதுவும், குழந்தையிடம் துருவித் துருவிக் கேட்டுத் தெரிந்துகொண்டதாக இருந்தால் அந்தப் பழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள். குழந்தை யாரிடம் இருப்பது என்ற தகராறுகளில் நீதிபதி குழந்தையைத் தன் அறைக்கு அழைத்துத் தனியாகப் பேசுவது வழக்கம். வீட்டில் தினமும் விசாரணைக்குப் பழகிய குழந்தை அங்கே போய் உட்கார்ந்ததுமே ஒப்பிக்க ஆரம்பித்துவிடும். யார் சொல்லிக்கொடுத்தது என்று கண்டுபிடிக்க நீதிபதிக்கு அதிக நேரம் ஆகாது.

போன் விஷயத்திலும் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். குழந்தை யாரிடம் இல்லையோ அவர், விசேஷக் காரணம் ஏதும் இல்லாதவரை, தினமும் ஐந்து பத்து நிமிடம் குழந்தையோடு பேச உரிமை உள்ளவர் என்று உச்ச நீதிமன்றமே 2020-இல் ஒரு தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. வீட்டுப்பாடம் எழுதும் நேரத்தில் வேண்டாம் என்று ஒரு நேரம் குறித்துக் கொடுங்கள், போதும்.

ஜீவனாம்சப் பாக்கிக்கும் குழந்தையைப் பார்ப்பதற்கும் முடிச்சுப் போடவே கூடாது. பணம் தந்தால் பிள்ளை என்று சொன்னதாக ஒரு வாட்ஸ்அப் செய்தி உங்கள் பெயரில் கோர்ட்டில் நீட்டப்பட்டால் நன்றாகவா இருக்கும்? பாக்கியை வசூலிக்கத் தனி மனு உண்டு, அதைப் போடுங்கள்.

சரி, என்ன செய்வது? சம்மதத்தின் பேரில் வந்த உத்தரவு என்பதால் இதற்கு மேல்முறையீடு கிடையாது. ஆனால் இந்து திருமணச் சட்டத்தின் 26-வது பிரிவு, விவாகரத்து முடிந்த பிறகும் குழந்தை சம்பந்தப்பட்ட ஏற்பாட்டை மாற்றித் தரும்படி அதே நீதிமன்றத்தைக் கேட்க வழி தருகிறது. மனுவில் அவரைத் திட்டி எழுத வேண்டாம். ஒப்படைக்கும் இடம், திரும்பும் நேரம், வெளியூர் என்றால் முன்கூட்டியே தகவல், குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் ஒரு சனி தவறினால் அதற்கு ஈடாக எந்த நாள், கோடை விடுமுறையில் எத்தனை நாள், தீபாவளியும் பொங்கலும் எந்த வருடம் யாருக்கு என்று எழுதித்தரக் கேளுங்கள். குடும்ப நல நீதிமன்றத்தில் கவுன்சலரிடம் அனுப்புவார்கள். அலட்சியமாக நினைக்காமல் போங்கள். பாதித் தகராறு அந்த மேஜையிலேயே தீர்வதுண்டு.

உடம்பு சரியில்லை என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. “பாப்பாவுக்குக் காய்ச்சல்னு சொல்லிடுங்க” என்று உங்களுக்கு யோசனை சொல்ல ஆள் வருவார்கள். இரண்டாம் சனிக்கும் நான்காம் சனிக்கும் தவறாமல் வரும் அந்தக் காய்ச்சலைக் குடும்ப நல நீதிபதிகள் எத்தனையோ பார்த்தவர்கள்.

குழந்தைக்கு அங்கே அடி உதை, குடி என்று ஆபத்து இருந்தால் நான் சொல்வதே வேறாக இருக்கும். சந்திப்பை நிறுத்திவைக்கவோ, நீதிமன்ற வளாகத்திலேயே நடத்தவோ உடனே கேட்கச் சொல்லியிருப்பேன். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

புது உத்தரவு வரும்வரை இரண்டாம் சனியும் நான்காம் சனியும் தவறாமல் அனுப்புங்கள். தாமதமானால் “மணி எட்டரை, இப்போதுதான் வந்து சேர்ந்தாள்” என்று ஒரு வரி செய்தி அவருக்கே அனுப்பி வையுங்கள். கோபம், கிண்டல் எதுவும் வேண்டாம். அப்புறம், மனுவுக்குக் கோர்ட்டில் எண் கொடுத்து, அவருக்கு நோட்டீஸ் போய், முதல் வாய்தா வருவதற்குள் தீபாவளி முடிந்துவிடலாம். அதனால் பண்டிகைக்கு மட்டும் இடைக்கால மனு ஒன்றையும் சேர்த்தே போடச் சொல்லுங்கள் உங்கள் வக்கீலிடம். மூன்று நாளும் தர மனமில்லை என்றால் தீபாவளிக்கு மறுநாள் ஒரு நாள் அனுப்பத் தயார் என்று அதில் நீங்களே முதலில் எழுதிக் கொடுங்கள்.