படம் ஓடுகிற டிஸ்க்குக்கு ரெக்கவரி எதற்கு?

கேள்வி: எங்கள் ஸ்டூடியோவில் இத்தனை நாளும் விண்டோஸ் கம்ப்யூட்டர்தான். எடிட்டிங்குக்காக மேக்புக் வாங்கினோம். கல்யாண வீடியோக்கள் உள்ள 2 டிபி ஹார்ட் டிஸ்க்கை அதில் மாட்டினால் எல்லாம் தெரிகிறது, ஓடுகிறது. ஆனால் ஒரு போட்டோவைக்கூட உள்ளே போட முடியவில்லை. சர்வீஸ் கடையில் ‘டிஸ்க் அடிவாங்கிவிட்டது, டேட்டா ரெக்கவரிக்கு 7,500 ரூபாய்’ என்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். டிஸ்க் அந்தக் கடையில் இருந்தால் இன்றே வாங்கி வந்துவிடுங்கள். வீடியோ ஓடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஓடுகிறதை எங்கிருந்து மீட்பார்களாம்?

பழைய விண்டோஸில் மாட்டி ஒரு போட்டோவைப் போட்டுப் பாருங்கள், ஏறும். டிஸ்க்கின் மேல் ரைட் கிளிக் செய்து ‘ப்ராப்பர்ட்டீஸ்’ பார்த்தால் ‘என்டிஎஃப்எஸ்’ என்று இருக்கும். அது டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்க விண்டோஸ் வைத்திருக்கும் சொந்தக் கணக்குமுறை. மேக் அதைப் படிக்கும், எழுதாது. 1993-ல் விண்டோஸ் என்டியோடு வந்த சங்கதி இது. இத்தனை வருஷத்தில் இரண்டு பெரிய கம்பெனிகளும் இதைப் பேசி முடிக்கவில்லை. இடையில் கடைக்காரர் சம்பாதிக்கிறார்.

இரண்டும் படித்து எழுதுகிற பொதுவான கணக்குமுறை ‘எக்ஸ்ஃபேட்’. டிஸ்க்கை அதற்கு மாற்ற ஃபார்மேட் செய்ய வேண்டும். ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பது அத்தனையும் போய்விடும். அதனால் முதலில் எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்கில் காப்பி எடுங்கள். நாலைந்து வீடியோவைத் திறந்து ஓட்டிப் பார்த்த பிறகு, விண்டோஸிலேயே ரைட் கிளிக், ‘ஃபார்மேட்’, ‘எக்ஸ்ஃபேட்’. பைசா செலவில்லை.

கடைக்காரரிடம் விட்டால் ‘எல்லாத்துலயும் எடுக்கும் சார்’ என்று ‘ஃபேட்32’ என்ற இன்னொரு கணக்குமுறையைப் போட்டுக் கொடுப்பார். எடுக்கும்தான். ஆனால் அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. முகூர்த்த வீடியோ ஒன்றே 20 ஜிபி வருகிற தொழில் உங்களுடையது. டிஸ்க்கில் ஆயிரம் ஜிபி காலியாகக் கிடக்கும், ஆனாலும் ‘ஃபைல் பெரிது’ என்று திருப்பி அனுப்பும். நீங்கள் மறுபடி கடைக்குப் போவீர்கள், மறுபடி ஒரு பில். போட்டோ மட்டும் என்றால் இந்தத் தொல்லை வராது; வீடியோக்காரர்கள் ‘32’ என்ற எண்ணைப் பார்த்தாலே கையை எடுத்துவிடுங்கள். மேக்கில் என்டிஎஃப்எஸ் எழுத வைக்கும் மென்பொருள்கள் காசுக்குக் கிடைக்கின்றன. கடையில் அதை ‘ஃப்ரீயா போட்டுத் தர்றேன்’ என்றால் அது திருட்டுக் காப்பியாக இருக்கலாம். கஸ்டமர் படங்களை அதை நம்பி விடாதீர்கள்.

எக்ஸ்ஃபேட்டில் ஒரு பலவீனம் உண்டு. எழுதிக்கொண்டிருக்கும்போது வயரைப் பிடுங்கினால் எளிதில் கெட்டுப்போகும். இரண்டு கம்ப்யூட்டரிலும் ‘இஜெக்ட்’ கொடுத்த பிறகே கழற்றுங்கள். அவசரத்தில் பிடுங்கினால் அன்றைக்கு நிஜமாகவே ரெக்கவரி தேவைப்படும்.