யார் முதலில் ரத்து செய்தார்கள்?

கேள்வி: புயல் எச்சரிக்கை வந்ததால், விமானம் எப்படியும் கிளம்பாது என்று எண்ணி, புறப்பாட்டுக்கு முந்தைய நாளே என் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். மறுநாள் விமான நிறுவனமே அந்தச் சேவையை ரத்து செய்தது. காத்திருந்த நண்பருக்கு முழுப் பணமும் கிடைத்தது; எனக்கோ ரத்துக் கட்டணம் போக, சொற்பத் தொகைதான் ஏஜென்ட் வழியாக வந்தது. மீதியைப் பெற வழி உண்டா?

பதில்: உங்கள் முன்யோசனையே உங்களுக்கு எதிராக அமைந்துவிட்டது. நீங்களாக ரத்து செய்த நொடியில் விமான நிறுவனத்தின் கடமை முடிந்து, டிக்கெட்டின் கட்டண விதிகள் நடைமுறைக்கு வந்துவிடுகின்றன. அதன்பின் விமானம் பறந்ததா இல்லையா என்பது கணக்கில் சேராது. எனவே முழுத் தொகையை உரிமையாகக் கோருவது கடினம். ஆனாலும், நீங்கள் ரத்து செய்த நேரத்தில் புயலை முன்னிட்டு ரத்துக் கட்டணத்தில் சலுகை எதையும் நிறுவனம் அறிவித்திருந்ததா என்று பாருங்கள். அறிவித்திருந்தால் அதைச் சுட்டிக்காட்டி எழுத்து மூலம் கேளுங்கள். திரும்பக் கிடைக்காத வகை டிக்கெட்டிலும், பயணம் செய்யாதவருக்கு விமான நிலைய வரிகளையும் கட்டணங்களையும் திருப்பித் தரும் நிறுவனங்கள் உண்டு. ஆகவே, வந்த தொகையில் அவை அடங்கியிருக்கின்றனவா என்று ஏஜென்டிடம் கணக்குக் கேளுங்கள். ஏஜென்ட் தன் சேவைக் கட்டணத்தைப் பிடித்துக்கொள்வது வழக்கம்தான். அது எவ்வளவு என்பதைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள்.

தாங்களே விமானத்தை ரத்து செய்துவிட்டு, "புயலுக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று சொல்லிப் பணத்தையே மறுக்கும் நிறுவனங்களும் உண்டு. இழப்பீடு வேறு, டிக்கெட் பணம் வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு 261ஆம் எண் ஒழுங்குமுறையின்படி, புயல் போன்ற அசாதாரணச் சூழலில் இழப்பீடு தர வேண்டியதில்லை. ஆனால் நிறுவனம் விமானத்தை ரத்து செய்தால் பயணி கேட்கும் பணத்தை 7 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். விமானம் ரத்தாகாமல் 5 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானாலும், பயணத்தைக் கைவிட்டு அந்தப் பணத்தைக் கேட்கலாம். அமெரிக்காவின் 2024ஆம் ஆண்டு விதி தாமத எல்லையை உள்நாட்டுப் பயணத்துக்கு 3 மணி நேரம், பன்னாட்டுப் பயணத்துக்கு 6 மணி நேரம் என்று வகுத்திருக்கிறது. கிரெடிட் கார்டில் செலுத்திய பணம் 7 வேலை நாட்களுக்குள்ளும், பிற வழிகளில் செலுத்தியது 20 நாட்களுக்குள்ளும் வர வேண்டும். உங்கள் பயணத்துக்கு எந்த நாட்டின் சட்டம் பொருந்தும் என்பது புறப்படும் இடத்தையும் சேரும் இடத்தையும் சில வேளைகளில் நிறுவனத்தின் நாட்டையும் பொறுத்தது.

அடுத்த முறை நிறுவனத்தின் அறிவிப்பு வரும்வரை பொறுத்திருங்கள். அதற்காகப் புறப்பாட்டு நேரத்தைத் தாண்டவிட்டு விடாதீர்கள். விமானம் கிளம்பியும் நீங்கள் போகாவிட்டால் 'நோ-ஷோ' என்று பதிவாகி, அதே டிக்கெட்டிலுள்ள திரும்பும் பயணமும் பெரும்பாலும் ரத்தாகிவிடும்.

கேள்வி: என் விமானத்தை நிறுவனமே ரத்து செய்தது. பணத்துக்குப் பதில் வவுச்சர் தருவதாக மின்னஞ்சல் வந்திருக்கிறது. ஏற்கலாமா?

பதில்: அதே நிறுவனத்தில் விரைவில் பறப்பது உறுதி என்றால் மட்டும் ஏற்கலாம். வவுச்சருக்குக் காலாவதித் தேதி உண்டு. ஒருமுறை சம்மதித்துவிட்டால் பணத்தைக் கேட்கும் உரிமையும் போய்விடும். ஐரோப்பிய விதிப்படி பயணியின் கையெழுத்திட்ட சம்மதம் இல்லாமல் பணத்துக்குப் பதில் வவுச்சர் தர இயலாது. வவுச்சரை ஏற்கச் சொல்லி அவசரப்படுத்தும் பொத்தானை அழுத்தாமல், ரத்து அறிவிப்பையும் முன்பதிவு எண்ணையும் குறிப்பிட்டு, பணம் செலுத்திய வழியிலேயே திருப்பித் தருமாறு எழுதுங்கள். பதில் வராவிட்டால், கார்டில் செலுத்தியவர்கள் வங்கியிடம் 'சார்ஜ்பேக்', அதாவது கார்டு வழியாகச் செலுத்திய பணத்தை வங்கி மூலமே திரும்பப் பெறும் முறையைக் கோரலாம். அதற்குக் கெடு உண்டு என்பதால் மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள்.