கர்ப்பப்பையை எடுத்தால் செலவு முடிந்துவிடுமா?

கேள்வி: எனக்கு வயது 52. கொழும்பில் அரசாங்கப் பாடசாலை ஆசிரியை. கர்ப்பப்பை கீழிறங்கிவிட்டது. இரண்டு ஸ்பெஷலிஸ்டுகளைத் தனியாரில் சனல் பண்ணிக் காட்டினோம். ஒருவர் கர்ப்பப்பையை எடுத்துவிட்டுத் தைக்க வேண்டும் என்கிறார். ஆஸ்பத்திரி சொன்ன தொகை ஐந்தரை இலட்சம். மற்றவர் எடுக்கத் தேவையில்லை, மேலே தூக்கித் தைத்தால் போதும் என்கிறார். அதற்கு நாலே முக்கால் இலட்சம். "எடுத்துவிட்டால் பிறகு செலவே வராது" என்கிறார் கணவர். மகளின் கல்யாணத்துக்குப் போட்ட 12 இலட்ச ரூபா நிலையான வைப்பு முதிர இன்னும் 4 மாதம் இருக்கிறது. அதை உடைப்பதா, தாலிக்கொடியை அடகு வைப்பதா?
- வெள்ளவத்தை வாசகி

பதில்: சகோதரி, இரண்டும் வேண்டாம். ஏன் என்று சொல்வதற்கு முன்னால் உங்கள் கணவரின் கணக்கைப் பார்ப்போம். பல வீடுகளில் முடிவை எடுப்பது அந்தக் கணக்குத்தான், அது பிழையான கணக்கு.

கர்ப்பப்பை இறங்குவதற்குக் காரணம் கர்ப்பப்பை இல்லை. அதைத் தாங்கும் தசையும் நார்களும் தளர்ந்துபோவதுதான் காரணம். கர்ப்பப்பையை எடுத்தாலும் அந்தத் தளர்ச்சி அப்படியே இருக்கும். அதனால் எடுத்த பிறகு பெண்ணுறுப்பின் மேற்பகுதியை உறுதியாக இழுத்துக் கட்டாவிட்டால் அதுவும் பிறகு இறங்கலாம், இன்னொரு ஆபரேஷன் செலவும் வரலாம். நெதர்லாந்தில் 208 பெண்களிடம் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு, 5 வருட முடிவை 2019இல் வெளியிட்டார்கள். மேற்பகுதி தொந்தரவோடு மறுபடி இறங்கியவர்களும் அதற்காக மறு ஆபரேஷன் செய்தவர்களும், கர்ப்பப்பையை வைத்துக்கொண்டு இடுப்பு நாரோடு தைத்தவர்களில் 1 சதவீதம், எடுத்தவர்களில் 7.8 சதவீதம். முன்சுவர், பின்சுவர் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே "எடுத்தால் செலவு முடிந்தது" என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. எடுக்காவிட்டால் இரட்டைச் செலவு என்பதும் சரியில்லை.

தூக்கித் தைப்பதிலும் ஒரே முறைதான் என்று இல்லை. கர்ப்பப்பைக் கழுத்தைக் குறைத்து நார்களை இழுத்துக் கட்டும் மான்செஸ்டர் முறை பழையது. அதிகம் இறங்காத 434 பெண்களிடம் நடந்த இன்னொரு நெதர்லாந்து ஆய்வு 2023இல் வெளியானது. அதில் 2 வருட முடிவில் மான்செஸ்டர் முறை 87 சதவீதம் பேருக்குப் பலன் தந்தது, இடுப்பு நாரோடு தைத்தது 77 சதவீதம் பேருக்கு. எந்த முறை, ஏன் என்று கேளுங்கள். செயற்கை வலை வைப்பார்களா, அதன் விலை சொன்ன தொகைக்குள் அடங்குமா என்றும் கேளுங்கள். இப்படியான இறக்கத்துக்குப் பெண்ணுறுப்பு வழியாக வைக்கும் வலைகளின் விற்பனையை அமெரிக்காவில் 2019இல் நிறுத்தச் சொன்னார்கள்.

எடுப்பது நியாயமான சந்தர்ப்பங்களும் உண்டு. மாதவிடாய் நின்ற பிறகும் இரத்தம் படுவது, பெரிய கட்டிகள், குடும்பத்தில் கர்ப்பப்பைப் புற்றுநோய் போன்றவை இருந்தால் முக்கால் இலட்ச வித்தியாசத்தைப் பார்க்கவே வேண்டாம். கர்ப்பப்பையை வைத்துக்கொண்டால் கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பாப் பரிசோதனை தொடரும், எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பிரிவின் பெண்கள் கிளினிக்குகளில் அது இலவசம். எதுவானாலும் உடம்பு உங்களுடையது, முடிவும் உங்களுடையது. கணவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே டாக்டரிடம் நீங்கள் பேசுங்கள்.

சரி, காசுக்கு வருவோம். நீங்கள் சனல் பண்ணிய டாக்டர்மார் பெரும்பாலும் அரசாங்க ஆஸ்பத்திரியிலும் வேலை செய்பவர்களாகத்தான் இருப்பார்கள். பொரளை காசல் வீதி மகளிர் ஆஸ்பத்திரி, டி சொய்சா மகளிர் ஆஸ்பத்திரி இரண்டும் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கின்றன. ஆபரேஷனுக்குக் கட்டணம் இல்லை. வரிசையில் காத்திருக்க வேண்டும், உண்மைதான். ஆனால் இது பொதுவாக அவசர ஆபரேஷன் இல்லை. கர்ப்பப்பையைத் தாங்கிப் பிடிக்க உள்ளே வைக்கும் வளையம் பொருந்தினால் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கலாம், சிலருக்கு ஆபரேஷனே தேவைப்படாமல் போகும். சிறுநீர் போக முடியாவிட்டால், வெளியே வந்த பகுதி புண்ணாகிவிட்டால் மட்டும் காத்திருக்காதீர்கள்.

தனியாரில்தான் செய்வேன் என்றால் வைப்பை உடைக்காமல் அதே வங்கியில் அதையே ஈடுவைத்துக் கடன் கேளுங்கள். உதாரணத்துக்கு வைப்புக்கு 8 சதவீத வட்டி, கடனுக்கு 10 என்று வைத்துக்கொள்வோம். 5 இலட்சத்தை 4 மாதம் எடுத்தால் வட்டி வித்தியாசம் சுமார் 3,300 ரூபாதான். ஒரு வருட வைப்பு என்றால், அதை உடைத்து, கடந்த 8 மாதத்துக்கு 4 சதவீதம்தான் தருவோம் என்று வங்கி சொன்னால் 32,000 ரூபா போய்விடும். நகைக்கு வேலையே இல்லை. ஆனால் ஒன்று, இந்தக் கடனைக் கல்யாணத்துக்கு முன் அடைக்கச் சம்பளத்தில் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

எங்கே செய்தாலும் ஒரு சிறு தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள். சுமார் 6 வாரம் பாரம் தூக்கக் கூடாது. அரிசி மூட்டையும் தண்ணீர் வாளியும் வேறு யாராவதுதான் தூக்க வேண்டும். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி வீடென்றால் உதவிக்கு ஆளும் த்ரீவீல் காசும் நிச்சயம் வேண்டும். இந்தச் செலவை ஒதுக்காதவர்கள்தான் இரண்டாம் வாரமே சமையலறைக்குள் போய் நிற்கிறார்கள், தைத்த இடம் அதைத் தாங்காது.

அரசாங்க ஊழியர் என்பதால் அக்ரஹார மருத்துவக் காப்புறுதி உங்களுக்கு இருக்கும். தனியார் ஆஸ்பத்திரிக்கு அது எவ்வளவு தரும் என்பதை அனுமதியாவதற்கு முன்பே கேட்டறியுங்கள். டயக்னோசிஸ் காட் (நோய் விவர அட்டை), பில், பற்றுச்சீட்டு எல்லாவற்றிலும் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்க வேண்டும். அசலைக் கொடுக்க முதல் ஒவ்வொன்றிலும் ஒரு போட்டோகொப்பி எடுத்து வையுங்கள்.