துருப்பிடித்த பழைய ரோட்ஸ்டர்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

வீட்டுப் பட்டறையில் 1969 மாடல் எம்ஜிபி ரோட்ஸ்டர் என்ற பிரிட்டிஷ் கார் ஒன்றைப் பிரித்து, வெட்டி, ஒட்டி ஓடவைக்க எனக்கு ஆறு வருடம் ஆனது. கூரை இல்லாத, இரண்டு பேர் உட்காரும் அந்தக் கார் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சார், ஒரு எம்ஜிபி விலைக்கு வருகிறது. பெயின்ட்டில் அங்கங்கே கொப்புளம் மட்டும்தான். வாங்கலாமா?

அந்தக் கொப்புளம் பெரும்பாலும் உள்பக்கமிருந்து வந்த துருதான். வெளியே தெரிவதற்குள் உள்ளே நிறையத் தின்றிருக்கும். மெல்லிய துணியில் சுற்றிய காந்தம் ஒன்றை எடுத்துப் போங்கள். அது ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, பட்டிதான் இருக்கிறது. ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டியும் பாருங்கள். நல்ல தகரம் கணீரென்று கேட்கும், உளுத்தது பொத்தென்று கேட்கும்.

இந்த வண்டிக்குத் தனிச் சேஸி, அதாவது அடிச்சட்டம், கிடையாது. கதவுக்குக் கீழே, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே பெட்டி போல ஓடும் 'சில்'தான் பாரத்தைத் தாங்குகிறது. மேலே கூரை இல்லாததால் அதன் வேலை இன்னும் அதிகம். கதவை மூடி, அதன் பின்விளிம்பில் இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். கீழே அகலமாகவும் மேலே இறுக்கமாகவும் இருந்தால், வண்டி நடுவில் தொய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். சீட்டும் குரோமும் எப்படி இருந்தாலும் பரவாயில்லை, அவை கிடைத்துவிடும். சில்லைப் பார்த்துத்தான் விலை பேச வேண்டும்.

வண்டி வந்துவிட்டது. எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு ஆரம்பிக்கலாமா?

வேண்டாம். ஒரு பகுதியைக் கழற்றுங்கள், முடியுங்கள், அப்புறம் அடுத்தது. கழற்றும் முன் போட்டோ எடுங்கள், நட்டு போல்ட்டைப் பையில் போட்டுப் பெயர் எழுதுங்கள். மொத்தமாகப் பிரித்து, மூட்டை கட்டி, பாதியில் விற்றுவிட்ட வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். மனசு கனத்துப் போகும்.

அண்ணே, இரண்டு பக்கச் சில்லும் போய்விட்டது. நானே மாற்ற முடியுமா?

முடியும் தம்பி, ஆனால் அவசரம் கூடாது. முதலில் கதவு திறப்பின் குறுக்கே, கீல் இருக்கும் தூணிலிருந்து பூட்டு இருக்கும் தூண் வரை, சதுர இரும்புக் குழாயைப் பற்றவைத்துவிடுங்கள். இரண்டு பக்கமும் இதைச் செய்த பிறகுதான் தகரம் வெட்டும் கிரைண்டரைத் தொட வேண்டும். வெட்டுவது ஒரு பக்கம் மட்டும். அதை முழுக்க முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள்.

நான் குழாய் வைக்காமல் வெட்டினேன். கண்ணுக்கு எதுவும் அசையவில்லை. புதுச் சில்லைப் பற்றவைத்து, கதவை மாட்டி மூடினால், பின்னால் மேல் மூலை போய்த் தூணில் இடிக்கிறது. அளந்து பார்த்தேன், 5 மில்லிமீட்டர் தொய்வு. மூன்று வார வேலையை மறுபடி வெட்டி எடுத்தேன். இப்போதெல்லாம் புதுச் சில்லைக் கிளாம்ப்பில் பிடித்து, கதவைத் திரும்பத் திரும்ப மாட்டி மூடிப் பார்த்த பிறகுதான் முதல் வெல்டிங் புள்ளியே வைக்கிறேன்.

இன்னொன்று, வெளித் தகரத்தை மட்டும் மாற்றி மூடிவிடாதீர்கள். உள்ளே நடுத் தகரமும் உள் தகரமும் இருக்கின்றன. அவை உளுத்திருந்தால் வெளியே போட்ட புதுத் தகரம் வெறும் மூடிதான்.

வெல்டிங் வைத்தால் தகரம் ஓட்டையாகிறது.

கம்பி தானாக வரும் மிக் வெல்டரில் 0.6 மில்லிமீட்டர் கம்பி போடுங்கள். தகரம் இரண்டு பக்கமும் வெள்ளியாகப் பளபளக்கும் வரை தேயுங்கள், துருவின் மேல் ஒட்டாது. கோடாக இழுக்காமல் புள்ளி வையுங்கள். ஒரு புள்ளி இங்கே, அடுத்தது ஒரு சாண் தள்ளி. ஆறிய பிறகு இடைவெளியை நிரப்புங்கள்.

பெட்ரோல் டேங்கை வண்டியிலிருந்து கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான் வெல்டிங். காலி டேங்க்தானே என்று விடாதீர்கள், உள்ளே நிற்கும் ஆவிதான் வெடிக்கும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்திலும் வெல்டிங் வைக்கக் கூடாது. சூட்டில் அது ஃபாஸ்ஜீன் என்ற விஷ வாயுவாகும்.

சின்னச் சாமான்களில் துருவை எடுக்க எளிய வழி?

பிளாஸ்டிக் வாளி, தண்ணீர், 4 லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா, பழைய பேட்டரி சார்ஜர். மைனஸ் துருப்பிடித்த சாமானுக்கு, பிளஸ் ஒரு வேண்டாத இரும்புத் துண்டுக்கு. இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. மறுநாள் எடுத்தால் துரு கருப்புச் சேறாக மாறியிருக்கும், பிரஷ்ஷால் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு போகும். உடனே காயவைத்து எண்ணெயோ பிரைமரோ பூசுங்கள். விட்டால் கண்ணெதிரிலேயே மறுபடி பழுப்பேறும்.

எவர்சில்வரைப் பிளஸ்ஸில் மாட்டவே கூடாது, தண்ணீரில் விஷக் குரோமியம் கலந்துவிடும். ஹைட்ரஜன் கிளம்புவதால் திறந்த வெளியில் வையுங்கள். ஸ்பிரிங்கையும் கடினமாக்கிய போல்ட்டையும் இதில் போடாதீர்கள், அந்த ஹைட்ரஜன் உள்ளே புகுந்து உடையும் பதத்துக்குக் கொண்டுவிடும்.

எஞ்சின் சுற்றவே மாட்டேன் என்கிறது. கட்டி இழுத்துப் பார்க்கலாமா?

கூடாது, பிஸ்டன் ரிங் உடையும். நான்கு பிளக்கையும் கழற்றி, ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலந்து சிலிண்டருக்குள் ஊற்றுங்கள். பக்கத்தில் நெருப்பு ஆகாது. ஒரு வாரம் விடுங்கள், தினமும் கொஞ்சம் சேருங்கள். பிறகு கிராங்க் நட்டில் நீளமான ஸ்பானரைப் போட்டு முன்னும் பின்னுமாக அசையுங்கள். என்னுடையது ஒன்பதாம் நாள் ஒரு நூலளவு நகர்ந்தது. அந்த அசைவு கைக்குத் தெரிந்த நொடி இன்னும் நினைவில் இருக்கிறது.

ஐயா, என் வண்டியில் பேட்டரியின் பிளஸ்தான் பாடியில் மாட்டியிருக்கிறது. யாரோ மாற்றிவிட்டார்களா?

1967 கடைசி வரை வந்த எம்ஜிபிக்கு அதுதான் சரி. அதற்குப் பிறகுதான் மைனஸ் பாடிக்கு வந்தது. சீட்டுக்குப் பின்னால் 6 வோல்ட் பேட்டரி இரண்டு இருந்தாலும் பயப்படாதீர்கள், 1974 வரை அப்படித்தான். ஆனால் பிளஸ் பாடியில் இருக்கும் வண்டியில் புது ரேடியோ வாங்கி அப்படியே மாட்டிவிடாதீர்கள், புகைந்துவிடும்.

பிரேக்கில் எதைப் பழையதாகவே விடலாம்?

ரப்பர் எதையும் விடாதீர்கள். ஹோஸ் வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே வீங்கி அடைத்திருக்கும். பழைய பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடையுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு துரு திரும்ப வராதா?

மூடிய பெட்டிகளுக்குள் மெழுகு அடிக்காவிட்டால் வரும். பெயின்ட் வேலை முழுக்க முடிந்த பிறகு, நீளமான குழாய் முனையைச் சில்லுக்குள்ளும் கதவுக்குள்ளும் விட்டு, கீழே ஓரங்களில் கசியும் வரை அடியுங்கள். மறுநாள் கதவின் அடியிலும் சில்லின் அடியிலும் தண்ணீர் வடியும் துளைகளை ஒவ்வொன்றாகக் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள்.