அம்மா எப்போது மறப்பார்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

அம்மாவுக்கு அல்சைமர் ஆரம்ப நிலை என்று போன மாதம் சொன்னார்கள். இந்த நோய் மூளையில் பரவும் வழியைக் கணினியால் கணக்கிட முடிகிறது என்று எழுதியிருந்தீர்கள். அம்மாவின் ஸ்கேனைக் கொடுத்தால், என்னை அவர் எப்போது மறப்பார் என்று தெரிந்துவிடுமா?

கே.

அன்புள்ள கே.,

தெரியாது. என் கட்டுரை அந்த நம்பிக்கையைக் கொடுத்திருந்தால் பிழை என்னுடையது.

நான் எழுதியது 2012இல் அஷிஷ் ராஜ் என்ற ஆய்வாளரின் குழு வெளியிட்ட கணித மாதிரியைப் பற்றி. அடுப்பில் கிடக்கும் கரண்டியின் காம்பில் சூடு ஏறுவதற்கு ஒரு சமன்பாடு உண்டு. காம்புக்குப் பதில் மூளையின் நரம்பிழை வலையை வைத்து, சூட்டுக்குப் பதில் நோயைப் பரவவிட்டார்கள். பக்கத்தில் இருக்கும் பகுதிக்கு அல்ல, இழை போகும் பகுதிக்கே நோய் போகும். வலையை ஆரோக்கியமானவர்களின் ஸ்கேனிலிருந்துதான் எடுத்தார்கள். ஆனாலும் கணக்கில் வந்த வரைபடம் அல்சைமர் நோயாளிகளின் மூளைச் சுருக்கத்தோடு ஒத்துப்போனது. இன்றைக்கும் எனக்கு அது வியப்புதான்.

ஆனால் அது பலரைச் சேர்த்துப் பார்த்த சராசரி. தனி ஆளுக்கு வந்தால் கதை வேறு. 2017இல் டாட்போல் என்று ஒரு போட்டி வைத்தார்கள். பல ஆண்டுகளாகத் தொடர்ந்து பரிசோதிக்கப்பட்டவர்களின் தரவைக் கொடுத்து, இனி என்ன ஆகும் என்று ஆய்வுக்குழுக்களிடம் கேட்டார்கள். மூளைக்குள் நீர் நிற்கும் அறைகள் எவ்வளவு பெரிதாகும் என்பதை நன்றாகவே கணித்தார்கள். நினைவாற்றலையும் சிந்தனையையும் சோதிக்கும் தேர்வின் மதிப்பெண்ணில் மட்டும், குருட்டாம்போக்கில் சொல்வதைவிட உறுதியாக மேல் என்று எந்தக் குழுவையும் சொல்ல முடியவில்லை. நீங்கள் கேட்பது இந்த இரண்டாவதைத்தான். அந்த மதிப்பெண்ணே அன்றைய தூக்கத்துக்கும் மனநிலைக்கும் ஏற்ப ஏறி இறங்கும். மகன் பெயரை மறக்கும் நாளை எங்கே பிடிப்பது?

இன்னொன்று உங்களுக்குப் பயன்படலாம். 2021இல் ஜேக்கப் வோகல் குழு 1,612 பேரின் ஸ்கேன்களை ஆராய்ந்து, இந்த நோயில் மூளையில் சேரும் டௌ என்ற புரதம் எல்லார் மூளையிலும் ஒரே வழியில் பரவுவதில்லை, நான்கு வழிகள் தெரிகின்றன என்றது. அதில் ஒன்று பார்வை சார்ந்த பின்பகுதியை முதலில் பிடிக்கிறது. இன்னொன்று பேச்சு சார்ந்த இடது பக்கத்தை. மறதி என்றே நாம் பேசிப் பழகிய நோயில் சிலருக்கு நினைவு பின்னால்தான் தளர்கிறது.

அம்மா இப்போது எதில் தடுமாறுகிறார்? ஆள் பெயரிலா, பேசும்போது சொல் கிடைப்பதிலா, படி இறங்கும்போதா? தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்து, அடுத்த முறை மருத்துவரிடம் கொடுங்கள்.