ஸ்க்ரோல் சா வாங்கி மரவேலை பழகினால், பிறகு அதையே சிறு தொழிலாக்க முடியுமா?

கேட்டவர் இரண்டு விஷயங்களைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். அலுவலகம் முடிந்து வந்து வீட்டின் சின்ன அறையில் மரவேலை பழக ஸ்க்ரோல் சா சரிப்படுமா? பின்னால் வேலையை விட்டுவிட்டு அதை நம்பி இருக்கலாமா? முதல் கேள்விக்குத் தாராளமாக ஆமாம். இரண்டாவதற்குப் பதில் கொஞ்சம் நீளும். நான் தென்காசிக்காரன். ஆறு வருடமாக என் மாலைப்பொழுது மாடியறையில் இந்த மெஷினோடுதான் போகிறது.

பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். தையல் மெஷினை நினைத்துக்கொள்ளுங்கள். ஊசி இருக்கும் இடத்தில் நூல் போல மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடும். துணியைத் திருப்புவதுபோல மரத்தை இரண்டு கையாலும் திருப்பித் திருப்பி அறுக்க வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்க வீடுகளில் இதைக் காலால் பெடல் மிதித்தே ஓட்டினார்கள். வட்ட ரம்பம் போல மரத்தைப் பிடுங்கி எறியாது, சத்தமும் குறைவு. எங்கள் வீட்டில் பக்கத்து அறையில் பாப்பா தூங்கும்போதுகூட ஓட்டியிருக்கிறேன்.

வாங்கும்போது ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். முனைகளில் குறுக்கே சின்னக் கம்பி (பின்) வைத்த 3 அங்குல பிளேடு மட்டும் மாட்டுகிற மெஷின் வேண்டாம். பின் இல்லாத 5 அங்குல பிளேடும் மாட்ட வேண்டும். வேலைப்பாட்டின் உள்பகுதியை அறுக்க முதலில் ஒரு துளை போட்டு, அதன் வழியே பிளேடை நுழைத்துத்தான் மாட்டுவோம். பின் இருந்தால் அது நுழையப் பெரிய துளை வேண்டும், நுணுக்கமான வேலை அதோடு போச்சு. பின் இல்லாத பிளேடுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் துளை போதும். கடையில் மெஷினை முழு வேகத்தில் ஓடவிட்டு, மேசைமேல் ஒரு ரூபாய் நாணயத்தைக் குத்தவைத்துப் பாருங்கள். நாணயம் விழுந்தால் அதிர்வு அதிகம் என்று அர்த்தம். நான் 16 அங்குல மெஷினை (பிளேடுக்கும் பின்பக்கத் தூணுக்கும் உள்ள தூரம் அது) 14,000 ரூபாய்க்கு வாங்கினேன்.

ஆரம்பத்தில் எல்லோரையும் குழப்புவது நேர்கோடு. கோட்டின்மேல் நேராகத்தான் தள்ளுவீர்கள், பிளேடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். உங்கள் கையில் கோளாறு இல்லை. பெரும்பாலான பிளேடுகளில், தொழிற்சாலையில் பல் வெட்டும்போது ஒரு பக்க விளிம்பில் லேசான பிசிறு தங்கிவிடுகிறது. அந்தப் பக்கம் கூடுதலாக அறுக்கும். மரத்தை ஒரு சின்னக் கோணத்தில் சாய்த்துத் தள்ளப் பழகினால் ஒரு வாரத்தில் கை தானாகச் சரிசெய்துகொள்ளும். பிளேடை விரலால் சுண்டினால் வீணைத் தந்தி போலக் கணீரென்று ஒலிக்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் வளைவெல்லாம் பிசகும். அறுக்க வேண்டிய படத்தை வரைந்த தாளை மரத்தில் ஒட்டியபின் அதன்மேல் பார்சல் டேப்பை ஒட்டி அறுத்துப் பாருங்கள். தேக்கு போன்ற கெட்டி மரம் கருகாது.

எனக்கு இந்த வேலையில் ரொம்பப் பிடித்தது தமிழ்ப் பெயர்ப்பலகை. இணையத்தில் கிடைக்கும் பாடமெல்லாம் ஆங்கில எழுத்துக்குத்தான். தமிழுக்கு நாமே யோசிக்க வேண்டும். இந்தியில் எழுத்துகள் எல்லாம் மேல்கோட்டில் தொங்குவதால் பெயர் ஒரே துண்டாக வந்துவிடும். தமிழில் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியே நிற்கிறது. அடியில் ஒரு பட்டை கொடுத்து எழுத்துகளை அதன்மேல் உட்காரவைப்பேன், அல்லது பக்கத்து எழுத்தோடு லேசாக முட்டவிடுவேன். அப்புறம் புள்ளி. 'கண்ணம்மா' என்று எழுதினால் இரண்டு புள்ளிகள் அந்தரத்தில் நிற்கும். மெல்லிய கழுத்து கொடுத்து எழுத்தோடு இணைக்கலாம். ஆனால் கழுத்து மரத்தின் ரேகைக்குக் குறுக்கே அமைந்தால் உப்புத்தாள் போடும்போதே ஒடிந்துவிடும். அதனால் ரேகை மேலும் கீழுமாக ஓடும்படி பலகையை வைத்துக்கொண்டு வரைகிறேன். அப்படிச் செய்தால் அடிப்பட்டை பலவீனமாகும். அதற்குப் பின்னால் வேறொரு பலகை கொடுத்து ஒட்ட வேண்டும். ட, ப எல்லாம் ஓட்டமாகப் போய்விடும். ண வந்தால் சுழிக்குச் சுழி துளை, பிளேடைக் கழற்றி மாட்டல். ஒரு பெயருக்கு விலை சொல்லும்முன் எத்தனை சுழி, எத்தனை புள்ளி என்று எண்ணிப் பார்த்துவிடுவேன்.

காசு கொடுத்துக் கற்ற பாடம் ஒன்று உண்டு. இரண்டாம் வருடம் பங்குனியில் மாமரப் பலகையில் 12 யானை புதிர்கள் செய்தேன். 20 மில்லிமீட்டர் கனத் துண்டுகள், ஒன்றோடொன்று கோத்தால் யானையாகத் தானாக நிற்கும். வெயிலில் எல்லாம் வழுக்கிக்கொண்டு கழன்றன. ஆடிச் சாரல் தொடங்கியதும் வாங்கியவர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள்: துண்டு கழலவே மாட்டேன் என்கிறது. துண்டுகளுக்கு நடுவே இருக்கிற இடைவெளி பிளேடின் கனம்தான், அரை மில்லிமீட்டர்கூட இல்லை. மரம் ஈரத்தை இழுத்துக் குறுக்குவாட்டில் உப்பியதும் அந்த இடைவெளி அடைந்துவிட்டது. பன்னிரண்டுக்கும் பணம் திருப்பிக் கொடுத்தேன். இப்போது செங்கோட்டை மர டிப்போவில் வாங்குவது பழைய வீடுகளில் பிரித்த தேக்குச் சட்டம் மட்டும்தான். பல வருட மழையையும் வெயிலையும் பார்த்த மரம் அது. புதுப் பலகையாக இருந்தால் ஒரு வருடம் மாடியில் அடுக்கிவைத்துவிட்டுத்தான் தொடுவேன். அறுத்தபின் எல்லாப் பக்கமும், உள்விளிம்பு உட்பட, அரக்கு பாலிஷ் கொடுக்கிறேன்.

தொழில் என்று வந்தால் முதலில் லேசரைப் பற்றிப் பேச வேண்டும். 3 மில்லிமீட்டர் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகையில் பெயர் வெட்டி விற்கலாம் என்று நினைத்தால் தயவுசெய்து வேண்டாம். லேசர் மெஷின் வைத்திருப்பவர் அதைச் சில நிமிடத்தில் முடித்துவிடுவார், நீங்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பீர்கள். ஆனால் ஒரு அங்குல தேக்கைக் கருகாமல் வெட்டுவது லேசருக்கு ஆகாத காரியம். ஒரே கட்டையை இரண்டு பக்கமும் அறுத்து முழு உருவமாக எடுப்பது, மேசையைச் சில டிகிரி சாய்த்து இரண்டு நிற மரத்தைச் சேர்த்து அறுத்து ஒன்றில் ஒன்றை இடைவெளியே தெரியாமல் பதிப்பது, இதெல்லாம் நம் பக்கம். மைசூரில் ஈட்டி மரத்தில் மெல்லிய ரம்பத்தால் கையாலேயே அறுத்துப் பதிக்கிறார்கள். புவிசார் குறியீடு பெற்ற கலை. ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள்.

அறுப்பதற்கு ஒரு மணி நேரம் ஆனால் உப்புத்தாளுக்கும் பாலிஷுக்கும் இரண்டு மணி நேரம் ஆகும். புதிதாக வருகிறவர்கள் அறுப்பு நேரத்தை மட்டும் கணக்கில் வைத்து விலை சொல்லி நஷ்டப்படுகிறார்கள். என் கணக்கில் மணிக்கு 200 ரூபாய், அதோடு மரம், பிளேடு, பேக்கிங் செலவு. சொந்தக்காரர்களுக்கும் இதே விலைதான். இதில் கறாராக இல்லாவிட்டால் பொழுதுபோக்கும் கசந்துவிடும்.

குழந்தைகளுக்கான பொம்மை விற்பதாக இருந்தால் ஒரு சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். மத்திய அரசின் கைவினைப் பொருள்கள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவு பெற்ற கைவினைஞர் செய்து விற்கும் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு. பதிவு செய்யாமல் பொம்மை என்று போட்டு விற்காதீர்கள்.

தூசியை அசட்டை செய்யவே கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் சேர்த்துவிட்டது. சின்ன அறை என்கிறீர்கள், அதனால் இன்னும் கவனம் வேண்டும். என்95 முகக்கவசம், ஜன்னலில் வெளியே இழுக்கும் விசிறி, முடித்ததும் ஈரத்துணி. துடைப்பத்தால் பெருக்கினால் தூள் மறுபடி மூக்குக்குத்தான் வரும்.

இனி வேலையை விடுவது பற்றி. நான் விடவில்லை. பெயர்ப்பலகை கேட்டு வருபவர்களில் பாதிப் பேர் புதுவீடு புகுகிறவர்கள். தை, வைகாசி, ஆவணியில் இரவு பதினொரு மணிவரை வேலை இருக்கும். கையில் 15,000 வரை வந்த மாதம் உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் ஒரு பலகைகூடக் கேட்டு வராது. புரட்டாசியைக் கொலுப் பொருள்கள் காப்பாற்றும், அதற்கு ஆனியிலேயே அறுக்கத் தொடங்க வேண்டும். இந்த ஏற்ற இறக்கத்தை முழுதாக இரண்டு வருடம் எழுதிவைத்துப் பாருங்கள். ஆடியிலும் மார்கழியிலும் விற்கிற பொருள் ஒன்று உங்கள் கைக்கு வந்தபிறகு, ராஜினாமாவைப் பற்றி வீட்டில் பேசலாம்.