டாக்டர் சீட்டு இருக்கிறதே!

கேள்வி: என் தம்பி கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் போலீஸ். ஒரு விபத்தில் குழந்தையின் உடலைத் தூக்கியதிலிருந்து தூக்கமே இல்லை. பி.டி.எஸ்.டி. (கொடூர அனுபவத்துக்குப் பின் வரும் மன அழுத்த நோய்) என்று சொல்லி டாக்டரே கஞ்சா எழுதிக் கொடுத்திருக்கிறார். ‘மாத்திரை மாதிரிதானே அக்கா, டியூட்டியில் எடுத்தால் என்ன?’ என்கிறான். என்ன பதில் சொல்ல?
– ஒரு வாசகி

பதில்: மாத்திரை மாதிரிதான், அதனால்தான் கூடாது. தூக்க மாத்திரையைப் போட்டுக்கொண்டு துப்பாக்கியோடு ரோந்து போவாரா? டாக்டர் சீட்டு இருந்தால் கஞ்சா மருந்தாகும், தலை கிறுகிறுப்பது நின்றுவிடாது.

2013-ல் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் ஆர்.சி.எம்.பி. என்ற தேசியப் போலீஸ் படையின் அதிகாரி ஒருவர் இதே நோய்க்கு இதே மருந்தை, சிவப்புச் சீருடையோடு கேமரா முன்னால் புகைத்தார். ரோந்தில்கூட இல்லை, அலுவலக வேலையில் இருந்தவர். மேலிடம் சீருடையைத் திருப்பி வாங்கிக்கொண்டது. அடுத்த ஆண்டே அவர் இறந்துபோனார். சீருடையில் புகைத்தது தவறுதான், ஆனால் அந்த மனிதர் எதற்காக அப்படிச் செய்தார் என்பதைவிட உடுப்பைப் பற்றித்தான் ஊர் அதிகம் பேசியது என்பதில் எனக்கு இன்னும் வருத்தம்.

கஞ்சாவில் சிக்கல் என்னவென்றால், புகைத்தால் சில நிமிடத்தில் ஏறும், தின்றால் ஏறவே இரண்டு மணி நேரம்கூட ஆகலாம், ஆனால் சிறுநீரில் அதன் தடயம் வாரக்கணக்கில் இருக்கும். ஊதச் சொல்லி மதுவை அளப்பது போல, இந்த நிமிடம் இவருக்குப் போதை இவ்வளவு என்று சொல்ல வழியில்லை. 2018 அக்டோபரில் கனடாவில் கஞ்சா பொதுவாகவே சட்டபூர்வமானபோது டொராண்டோ போலீஸ் பணிக்கு முன் 28 நாள் தொடக்கூடாது என்றது, வான்கூவரோ பணிக்குத் தகுதியான நிலையில் வந்தால் போதும் என்று விட்டது. ஒரே நாட்டில் இத்தனை குழப்பம்!

தம்பி ஒளித்து எடுக்க வேண்டாம், பயந்துபோய்ச் சட்டென்று நிறுத்தவும் வேண்டாம். நிறுத்தினால் தூக்கமின்மையும் கெட்ட கனவும் இன்னும் மோசமாகலாம். இரவு மட்டும் எடுக்கலாமா, அளவைக் குறைக்கலாமா என்று டாக்டரிடம் கேட்கட்டும். அப்புறம், துறையின் மருத்துவப் பிரிவில் அவரே முதலில் சொல்லிவிட்டு, துப்பாக்கியும் வண்டியும் இல்லாத வேலை கேட்கட்டும். ஒன்டாரியோவில் 2016-ல் வந்த சட்டப்படி, போலீஸ்காரருக்கு பி.டி.எஸ்.டி. என்று மனநல மருத்துவரோ உளவியல் நிபுணரோ உறுதிசெய்தால் அது வேலையால் வந்தது என்றே எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று நிரூபிப்பது எதிர்த்தரப்பின் பாடு. அதற்கான இழப்பீட்டு விண்ணப்பத்தை நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுங்கள். தூக்கமில்லாதவருக்கு அதுகூட மலைப்பாக இருக்கும்.